பாதம் பார்த்த பதினான்கு நாள்

பத்தொன்பது வருஷம் ஊசி போட்ட கைக்குப் படிப்பு போதாது என்று ஒரு நாள் காலையில் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் டிகிரி முடிக்காத டிப்ளமோ நர்ஸ்கள் யாரும் வார்டு இன்சார்ஜாக இருக்க முடியாதாம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் என்றால் வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதையே நிர்வாகம் யோசிக்குமாம். ஆண்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு அப்போது வயது நாற்பத்துமூன்று. மருந்தின் அளவையே மனக்கணக்கில் போடுகிறவளுக்கு இந்தக் கணக்கு எம்மாத்திரம். நின்ற இடத்திலேயே போட்டு முடித்துவிட்டாள்.

ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸ்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருந்தது. காலை டியூட்டியை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு பஸ் ஏறி, வேறொரு ஆஸ்பத்திரியின் நாலாவது மாடிக்கு இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வகுப்பில் முப்பது பேர். முக்கால்வாசிப் பேர் பிள்ளை பெற்றவர்கள், ஒருத்தி பேரன் எடுத்தவள். இதயத்துக்கு நாலு அறை என்று பாடம் நடந்தது. நின்றுபோன இதயங்களை எத்தனையோ தடவை அமுக்கி அமுக்கி ஓட விட்டவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மூன்றரை மணிக்கு மேல் பாதி வகுப்பு தூங்கும். டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

அந்த டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் மாணவியாக இவளுடைய வார்டுக்கு வந்து, நரம்பு கிடைக்காமல் ஒரு கிழவரின் கையை நாலு இடத்தில் குத்திவிட்டு, லினன் அறைக்குள் நின்று அழுதவள். இப்போது இவள் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். அவள் மட்டும் பழைய பழக்கத்தில் சிஸ்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு முதல் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. கீழே சைக்கிள் ரிப்பேர் கடை. சமையல்கட்டை ஒட்டிப் போட்டிருந்த ஒரே மேசையில் ஒரு பக்கம் பள்ளி இறுதிப் பரீட்சைக்கு மகளும், எதிர்ப்பக்கம் பட்டத்துக்கு அம்மாவும் படித்தார்கள். புருஷன் லேத் பட்டறையில் டர்னர். நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்று இரும்பைக் கடைகிற வேலை. சாயங்காலம் வந்தால் அவன்தான் அடுப்படியில் நின்றான்.

"என்ன மாணவி, டீ போடவா?" என்பான்.

"சர்க்கரையைக் கண்ணுல காட்டாதீங்க, உங்க டம்ளர்ல."

"காட்டல. வாசனை மட்டும் பிடிக்கிறேன்."

அவனுக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷம். மூன்று வருஷமாகக் காலில் உணர்ச்சி இல்லை. ஒரு தடவை செருப்பு கழன்றது தெரியாமல் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து தேடினான். "வாடகைக்கு எடுத்த காலு, என்ன நடந்தாலும் எனக்குத் தகவல் சொல்லாது" என்று பட்டறையில் தானே சொல்லிச் சிரிப்பான். வீட்டில் அவள் சிரிக்க மாட்டாள். தினமும் காலைக் கழுவித் துடை, விரலிடுக்கைப் பார், ஷூவைத் தட்டிவிட்டுப் போடு என்று பிடுங்கி எடுப்பாள். அவனும் சரி சரி என்பான். ஊசி மாத்திரை விஷயத்தில் அவள் வைத்ததுதான் அவனுக்குச் சட்டம்.

இரண்டாவது வருஷக் கடைசியில் கேஸ் ஸ்டடி வந்தது. ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, பதினான்கு நாள் வீட்டிலேயே வைத்துக் கவனித்து, நாள்வாரியாக எழுதி ஃபைல் போட வேண்டும். அதற்கு மட்டும் நூறு மார்க். தவறினால் ஒரு வருஷம் போய்விடும். அதற்குள் அவளுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிடும். நோயாளிக்கு எங்கே போவது என்று மற்றவர்கள் தெருத்தெருவாக அலைந்தபோது, இவளுக்கு வீட்டுக்குள்ளேயே கேஸ் இருந்தது.

"சம்பளம் உண்டா இந்த வேலைக்கு?" என்று அவன் கேட்டான்.

"சாப்பாடு போடுறேன்ல."

"அதையும் நான்தானே சமைக்கிறேன்."

முதல் மூன்று நாள் அவள் பார்த்ததைப் பார்க்க வேண்டும். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, டார்ச் அடித்து விரல் விரலாகப் பிரித்தாள். மேல்பாதத்தில் நாடி பிடித்தாள். உள்ளங்காலை விரலால் அழுத்தி, வெந்நீர்ப் பை, ஐஸ் துண்டு எல்லாம் வைத்துப் பார்த்தாள். அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவ்வளவு நேரம் தன் காலை யாரும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டான். பார்த்ததை அவள் ரஃப் நோட்டில் தமிழில் எழுதி, தேதி போட்டு, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். பிறகு நேரம் கிடைக்கும்போது ஆங்கிலத்தில் ஃபைலுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று திட்டம்.

நாலாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கே வார்டில் இரண்டு பேர் லீவ். காய்ச்சல் சீசன் வேறு. நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். இப்படிப்பட்ட நாட்களில் அந்த வார்டில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நாலு மணிக்கொரு தரம் ஒவ்வொரு நோயாளிக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். நாற்பது பேருக்குப் பார்த்தால் மருந்து கொடுக்க நேரம் இருக்காது. அதனால் முடியாத ஆட்களை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே எண்களை எழுதிவிடுவார்கள். ஒரே எண்ணாக இருந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும் என்று எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு, எண்பது என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். இதற்கு அவர்களுக்குள் ஒரு பேர் உண்டு: சார்ட்டுக்கு ஊட்டுவது.

அவளும் ஊட்டியிருக்கிறாள். ஆனால் அதிலும் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. வார்டுக்குள் நுழையும்போதே ஒரு நடை நடந்து எல்லா முகத்தையும் பார்த்துவிடுவாள். கண்ணுக்குச் சரியாகப் பட்ட ஆளுக்குத்தான் ஊட்டுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கண் தப்பியதில்லை. அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வம்.

நாலாம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள் மூன்றும் ஆஸ்பத்திரியிலேயே கரைந்தன. காலை டியூட்டி, வகுப்பு, அப்புறம் திரும்பி வந்து இன்னொரு அரை டியூட்டி. வீட்டுக்கு வந்ததும் உடுத்தியிருந்ததோடு படுத்துவிடுவாள். காலை ஐந்தரைக்கு அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். சனிக்கிழமை வகுப்பில் டீச்சர் இன்னொரு குண்டைப் போட்டாள். வெளியிலிருந்து வரும் பரீட்சை அதிகாரி தேதியை முன்னால் தள்ளிவிட்டாராம், ஃபைல் புதன்கிழமையே கைக்கு வர வேண்டுமாம்.

"மேடம், புதன்கிழமைக்கு எனக்குப் பத்தாவது நாள்தான் ஆகும்" என்றாள்.

"எல்லாருக்கும் அப்படித்தான் சிஸ்டர். பதினாலு நாளும் இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு."

அவ்வளவுதான் என்றால் என்ன அர்த்தம் என்று முப்பது பேருக்கும் புரிந்தது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் பட்டறையில் அவசர வேலை என்று போயிருந்தான். மகள் தோழி வீட்டில். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் மேசையில் உட்கார்ந்து விட்டுப்போன மூன்று நாளையும் எழுதினாள். அன்றைய நாளையும் எழுதினாள். பேனா ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் எட்டு, ஒன்பது, பத்து என்று இன்னும் வராத நாட்களுக்கும் தேதி போட்டு எழுதிக்கொண்டே போனாள். ரஃப் நோட்டில் முதலில், ஃபைலில் பிறகு. தோல் உலர்ந்து சுத்தமாக உள்ளது. காயம் இல்லை. கசிவு இல்லை. நாடி ஒரு நாள் எழுபத்தாறு, ஒரு நாள் எண்பது. பதினோராம் நாளில் குதிகாலில் லேசான வெடிப்பு என்று ஒன்றைச் சேர்த்து, பன்னிரண்டாம் நாளில் களிம்பு போட்டு, பதின்மூன்றாம் நாளில் அதை ஆற்றியும் விட்டாள். பதினான்காம் நாள்: இரு பாதங்களும் நலம். நோயாளிக்குத் தன் பாதத்தைப் பராமரிக்கத் தெரிந்துவிட்டது.

அவர் வந்ததும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அது பொய்யில்லை. அவன் நனைந்துபோய் வந்தபோது அவள் ஃபைல் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுப்பாமல் விளக்கை அணைத்தான்.

புதன்கிழமை ஃபைலைக் கொடுத்தாள். டீச்சர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதான் சிஸ்டர் ஃபைல். மத்தவங்களுக்கும் காட்டணும்" என்றாள். அன்று அவளுக்கு மனசு லேசாக இருந்தது. வரும் வழியில் மகளுக்குப் பிடிக்குமே என்று கேக் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை அவனுக்குக் குளிர் எடுத்தது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வகுப்பிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அது எந்த நாற்றம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வார்டில் புண் அழுகிக் கிடக்கிறவரின் பதினேழாம் நம்பர் கட்டில் பக்கம் அடிக்கிற அதே நாற்றம். தன் யூனிஃபார்மில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று கையைத் தூக்கி முகர்ந்தாள். யூனிஃபார்மில் சோப்பு வாசனைதான் வந்தது.

அவன் கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தான். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் போர்வையை விலக்கினாள். இடது காலில் சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழற்ற வேண்டியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால் கறுத்துக் குழிந்து கிடந்தது. சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. குழிக்குள் ஏதோ மின்னியது. லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள், நகம் அளவு இருக்கும். ஷூவுக்குள் விழுந்ததை ஒரு வாரமாக மிதித்து மிதித்து உள்ளே இறக்கியிருக்கிறான்.

"ரொம்பவா இருக்கு?" என்று கேட்டான்.

அவள் எழுந்தாள். மகளிடம், "ஆட்டோ கூப்பிடு" என்றாள்.

சர்ஜன் அவளோடு எட்டு வருஷம் வேலை பார்த்தவர். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், எத்தனை கேஸ் பார்த்திருக்கீங்க. நான் சொல்லணுமா?"

"பாதத்தோட நிறுத்த முடியாதா டாக்டர்?"

"நிறுத்தினா பத்து நாள்ல மறுபடி மேசைக்கு வரணும். முழங்காலுக்குக் கீழ. காலையிலேயே எடுத்துடலாம்."

சம்மதக் கடிதத்தை அவளுக்குத் தெரிந்த நர்ஸ்தான் கொண்டுவந்தாள். எத்தனையோ சொந்தக்காரர்களிடம் இந்தக் காகிதத்தை நீட்டி, இங்கே, அப்புறம் இங்கே என்று விரலை வைத்துக் காட்டியவள் இவள். இன்றைக்கு இன்னொருத்தி விரலை வைத்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை, ஃபைலின்படி இரு பாதங்களும் நலமாயிருந்த அந்தப் பதினான்காம் நாள், அவனுக்கு இடது காலை எடுத்தார்கள்.

அவனுடைய அக்கா வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். பேச ஆரம்பித்தால் மூடத் தெரியாத வாய்.

"வீட்டுலயே நர்ஸ வச்சுக்கிட்டு ஒருத்தன் கால் அழுகிப் போகுமா? நானும் எங்கயும் கேள்விப்பட்டதில்ல. ஊராரு காலுக்கெல்லாம் கட்டுப் போடுறா, கட்டுனவன் கால பாக்க நேரமில்ல. இந்த வயசுல படிப்பு கேக்குது."

"அண்ணி, மெதுவா பேசுங்க. அவர் தூங்குறார்."

"நான் பேசுறதா இப்ப தப்பு?"

நேரமில்லாமல் போனது மட்டுமாக இருந்தால் அவள் அந்தப் பேச்சைத் தாங்கியிருப்பாள். பார்க்காத காலைப் பார்த்ததாக எழுதி வைத்தது அண்ணிக்குத் தெரியாது. அது தெரியாமலேயே அவள் அடித்த அடி சரியான இடத்தில் விழுந்தது.

ஆபரேஷன் முடிந்த நாலாவது நாள் அவனுக்குக் காய்ச்சல் விட்டது. அவள் ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"புதன்கிழமையே சாக்ஸ் ஈரமா இருந்துச்சு."

"எந்தப் புதன்?"

"அதான், நீ கேக் வாங்கிட்டு வந்தியே, அன்னிக்கு. மழை ஈரம்னு நெனச்சேன். மஞ்சளா கறை வேற இருந்துச்சு. என்னடா இதுன்னு கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ தூங்கிட்ட. சரின்னு உன் நோட்ட எடுத்துப் பார்த்தேன். அன்னிக்குத் தேதிப் பக்கத்த மட்டும் திருப்பினேன், எழுதியிருந்துச்சு. காயம் இல்ல, கசிவு இல்லன்னு."

அவள் கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது.

"நீ பார்த்தது எனக்கு நெனப்பில்ல. ஆனா காலுதான் எனக்குத் தெரியாதே. விடியக்காலம் நான் தூங்கும்போது நீ பார்த்திருப்பன்னு நெனச்சேன். நீ பார்த்து எழுதிட்ட, அப்புறம் நான் என்னத்தப் பாக்குறது. சாக்ஸ மாத்திக்கிட்டு படுத்துட்டேன்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமையும் பார்த்தேன் நோட்ட. குதிகால்ல வெடிப்பு, களிம்பு போட்டேன்னு இருந்துச்சு. அதான் கறை, களிம்பு பட்டுக்கிட்டதுன்னு எடுத்துக்கிட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அழுதால் இப்போது அவன் தேற்றுவான், அந்த வசதி தனக்கு வேண்டாம் என்று இருந்தது.

"நான் பாக்கலங்க. மொத மூணு நாளுதான் பார்த்தேன். மிச்சம் எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல எழுதுனது. வராத நாளுக்கும் எழுதி வச்சேன். களிம்பும் போடல, ஒண்ணும் போடல."

போர்வையின் இடது பக்கம் படுக்கையோடு படுக்கையாகத் தட்டையாகக் கிடந்தது. அவன் அதைக் கையால் நீவிவிட்டுக்கொண்டான்.

"நீயும் பாக்கல. நானும் பாக்கல" என்றான். கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு, "அந்த ஃபைல் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

"காலேஜ்ல. அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. நான் போகல."

"போ."

"எப்படிங்க போறது? எந்த முகத்தோட?"

"நான் இனிமே மெஷின் முன்னால நிக்க முடியாது. உன் வேலையும் போச்சுன்னா பொண்ணு என்ன செய்யும்? போயிட்டு வா."

அதற்குமேல் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. மாணவி என்றும் அப்புறம் கூப்பிடவில்லை.

தேர்வு நாளன்று அவள் அரைமணி முன்னாலேயே போய் டீச்சரின் அறைக்கதவைத் தட்டினாள். மேசை மேல் முப்பது ஃபைல்கள் அடுக்கியிருந்தன. அவளுடையது மேலாக இருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அந்த ஃபைல்ல இருக்கிறது உண்மை இல்ல. மூணாம் நாளுக்கு அப்புறம் நான் பேஷண்டைப் பார்க்கவே இல்ல. பேஷண்ட் என் வீட்டுக்காரர். அவருக்குக் கால் எடுத்தாச்சு."

டீச்சரின் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சிஸ்டர், நான் இதைக் கேக்கல."

"நீங்க கேக்கணும் மேடம்."

"கேட்டா நான் மேல எழுதியாகணும். உங்க பதிவையே ரத்து பண்ணுவாங்க. மத்த இருபத்தொம்பது ஃபைலையும் தோண்டுவாங்க. அதுல எது உண்மைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்து நாள்ல பதினாலு நாள் ஃபைல் வேணும்னு கேட்டதே நான்தான்." குரல் உடைந்தது. நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். "உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். மொதப் பக்கத்துல இருந்து சொல்லுங்க, போதும்."

கதவு திறந்து பரீட்சை அதிகாரி உள்ளே வந்தாள். நரைத்த தலை, கண்ணாடி, வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு. நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தாள். மேலே இருந்த ஃபைலை எடுத்துப் புரட்டினாள்.

"எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. வெடிப்பு வந்ததக் கண்டுபிடிச்சு, ரெண்டே நாள்ல ஆத்தியிருக்கீங்க. இந்த மாதிரி தினம் பார்த்தாலே பாதிப் பேருக்குக் கால் தப்பிடும். பேஷண்ட் இப்ப எப்படி இருக்கார்?"

டீச்சர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடர்ந்து கவனிப்புல இருக்கார் மேடம்" என்றாள் அவள்.

பதில் வாயிலிருந்து தானாக வந்தது. அதன் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் டக் டக்கென்று சொன்னாள். பாதத்தில் எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டும், எத்தனை நாளைக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும், உணர்ச்சியில்லாத நோயாளிக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்றுகூடத் தவறவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டார்கள். அடுத்த வருஷ மாணவிகளுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று ஃபைலை லைப்ரரிக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

டிகிரி வந்தது. வேலையும் இன்சார்ஜ் பொறுப்பும் தங்கின. வார்டில் இப்போது அவள் யாரையும் ஊட்ட விடுவதில்லை. நாற்பது பேருக்கும் தெர்மாமீட்டர் வைக்கச் சொல்கிறாள். டிகிரி வாங்கியதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஜூனியர்கள் பேசிக்கொண்டார்கள். காதில் விழத்தான் செய்தது. அவள் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வீட்டில் அவன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கட்டைக்கால் பொருத்த இன்னும் நாள் ஆகும் என்றார்கள். தினமும் வேலையிலிருந்து வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னால், அவள் தரையில் உட்கார்ந்து அவனுடைய வலது காலை மடியில் எடுத்துவைத்துக்கொள்வாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, விரலிடுக்கெல்லாம் விளக்கு அடித்து, உள்ளங்காலை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். ஒரு நாள்கூட விட்டதில்லை. அவனும் காலைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பான்.

அன்றும் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

"சுத்தமா இருக்குங்க" என்றாள்.

அவன் தலையாட்டினான். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகளைக் கூப்பிட்டான்.

"நீ வந்து ஒரு தடவ பாரும்மா."

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கு என்னப்பா தெரியும்?"

"தெரிய வேண்டாம். என்ன இருக்கோ அதச் சொல்லு."

மகள் வந்து குனிந்தாள். அம்மா காலை மடியிலிருந்து இறக்காமல், மகளுக்குத் தெரிகிற மாதிரி டார்ச்சைத் தூக்கிப் பிடித்தாள். மகள் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்காலைப் பார்த்தாள். குதிகாலைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவன் சாக்ஸுக்குக் கையை நீட்டினான்.